ரிலீஸ் என்றால் விடுதலையா?

அத்தியாயம் 14

போன வாரம் சாராளைக் குழாயடியிலேயே நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். குடம் நிரம்பி வழிகிறது. தந்திக்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, "கிறிஸ்துதாஸ் ஊடு எது?" என்று கேட்கிறார். சாராளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள், பாவம்.

சாவு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் மேலே படிக்கமாட்டீர்கள். தந்திக்காரரும் நல்ல மனுஷர். அவரும் அதைத்தான் முதலில் சொன்னார்.

"பயந்துக்காதம்மா, கெட்ட சேதி ஒண்ணியும் இல்ல. ஷார்ஜாவுலேர்ந்து வந்துகீது. இங்க ஒரு கையெழுத்துப் போடு."

ஷார்ஜா என்றதும் சாராள் ஈரக் கையை அவசரமாகப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அங்கேதான் அவள் பிள்ளை ஜேசுராஜ் இருக்கிறான். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்துப் பாஸ் செய்த பையன். வெல்டர் விசா கிடைக்காமல் லேபர் விசாவில் ஏறிப் போனான். "ரெண்டே வருசம்மா, எண்பத்தொம்போது கிறிஸ்மஸுக்கு உன் கையால சாப்புடுவேன்" என்று விமானம் ஏறும்போது சொன்னது அவளுக்கு மனப்பாடம். அந்த இரண்டு வருஷம் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. நவம்பரும் பாதி போய்விட்டது. நான்கு மாதமாக அவனிடமிருந்து ஒரு வரி கடிதம் இல்லை.

நெமிலிச்சேரி தசரதன் லீவில் வந்திருக்கிறாரே, அவர்தான் ஜேசுவோடு ஒரே ரூமில் இருப்பவர். சோப்பும் தைலமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் கீறான்" என்றார். சொல்லும்போது தரையைப் பார்த்துச் சொன்னார். அதிலிருந்தே சாராளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது தந்தி. அதுவும் இங்கிலீஷில்.

தமிழ் பைபிளை எந்தப் பக்கம் திறந்து கொடுத்தாலும் தண்ணீர் பட்ட பாடாக வாசிப்பாள் சாராள். இங்கிலீஷ் என்றால் பஸ் நம்பரோடு சரி. கணவர் கிறிஸ்துதாஸ் ஆவடி ஃபேக்டரியில் முதல் ஷிப்டில் இருந்தார். மகள் ஞானகுமாரி அம்பத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் வர மூன்று மணி ஆகும். அதுவரை அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எந்தத் தாயால் முடியும்? பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வசந்தகுமாரியின் கதவைத் தட்டினாள்.

வசந்தகுமாரி மதுரைப் பக்கத்துப் பெண். பத்தாவது வரை படித்தவள், அந்தப் பத்தாவதை இன்றுவரை யாரையும் மறக்கவிடாதவள். தந்தியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்.

"ரிலீஸ் கிவன். ஸ்பான்சர் ரெடி. சென்ட் ஒரிஜினல் பை ஹேண்ட் தசரதன். ஜேசு. பத்தே வார்த்தைக்கா. ஒவ்வொண்ணுக்கும் காசுல்ல, அதான் கத்தரிச்சுக் கத்தரிச்சு எழுதிருக்கான்."

"அதுக்கு இன்னா அர்த்தம்?"

வசந்தகுமாரி சற்று யோசித்தாள். அவள் முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரிலீஸ்னா விடுதலைக்கா."

"விடுதலையா?"

"படத்தை ரிலீஸ் பண்ணுறாங்கன்னும் சொல்வாங்க. ஆனா இது படமில்லையே. ஆளை ரிலீஸ் பண்ணுனா உள்ள இருந்து வெளிய விடுறதுன்னுதான் அர்த்தம். எங்கண்ணன் மில்லு ஸ்ட்ரைக்குல உள்ள போயிட்டு வந்தப்ப பேப்பர்ல இப்பிடித்தான் போட்டுருந்தாங்க."

சாராள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்து வெளியே. அப்படியென்றால் இத்தனை நாள் உள்ளே இருந்தானா? நான்கு மாதம் கடிதம் இல்லாதது ஞாபகம் வந்தது. தசரதன் தரையைப் பார்த்தது ஞாபகம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாமல் இருந்தால்தான் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்பான்சர்னா?" என்றாள்.

"டி.வி.யில நாடகத்துக்கு முன்னாடி 'வழங்குவோர்'னு சோப்புக் கம்பெனி பேரு போடுவாங்கள்ல. அவுங்கதான் ஸ்பான்சர்."

"ஜேசுவை இன்னாத்துக்குச் சோப்புக் கம்பெனிக்காரன் வழங்குறான்?"

இதற்கு வசந்தகுமாரியிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்கிற பழக்கமும் அவளிடம் இல்லை. "செலவை ஏத்துக்கிட்டு அனுப்பி வைக்கிறாங்க போலக்கா. பாருங்க, அடுத்தே போட்டுருக்குல்ல, சென்ட் ஒரிஜினல். ஒரிஜினலை அனுப்புறாங்களாம். ஒரிஜினல்னா வேற யாரு, நம்ம ஜேசுதான். தசரதன் அண்ணன் கையில புடிச்சு ஒப்படைக்கிறாங்க."

"தசரதன் இங்கதானே கீறாரு. இன்னிக்கி சாய்ந்தரம்தானே திரும்பிப் போறாரு."

"போயி கூட்டிட்டு வருவாரோ என்னமோ."

குழப்பம் என்றால் அப்படி ஒரு குழப்பம். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ஜெயில் என்று கேட்டு இடிந்து உட்கார்ந்தவள், அரை மணி நேரத்தில் எழுந்து ஜேசுவின் தலையணை உறையை ஊறவைத்திருந்தாள். உள்ளே இருந்தானோ என்னவோ, அது முடிந்த கதை. விடுதலை ஆகிவிட்டது. விடுதலை ஆனவன் வேறு எங்கே போவான்? வீட்டுக்குத்தானே வருவான். பத்து வார்த்தையில் அவளுக்குப் புரிந்தது அந்த ஒரு வார்த்தை. மற்ற ஒன்பதையும் அவள் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்குச் சபையில் உபவாச ஜெபம். சாட்சி சொல்கிற நேரம் வந்ததும் சாராள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். சாதாரணமாக எழுந்து பேசுகிறவள் இல்லை.

"என் புள்ளைக்கு விடுதலை கிடைச்சிருச்சு. தந்தி வந்துகீது. கிறிஸ்மஸுக்கு ஊட்டுக்கு வந்துடுவான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றார்கள் எல்லோரும். சொன்ன பிறகுதான் யோசித்தார்கள். பின்வரிசையில் யாரோ யாரிடமோ, "பையன் எப்ப உள்ள போனான்?" என்று கேட்டது சாராளின் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு அன்றைக்கு மானம் பெரிதாகப் படவில்லை. பிள்ளை வருகிறான், அது போதும்.

மூன்று மணிக்குக் கிறிஸ்துதாஸ் சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போதே தந்தியை நீட்டிவிட்டாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, உதடு அசையப் படித்தார். இரண்டாவது தரமும் படித்தார்.

"ரிலீவ் பண்ணிட்டானுங்களா" என்றார். "எங்க ஃபேக்டரியில ரிலீவ்னா சீட்டுக் கிழிஞ்சிதுன்னு அர்த்தம். வேல போயிடுச்சு சாரா."

"வேல போனா போவட்டுங்க. ஆளு வர்றான் இல்ல?"

"எங்க வர்றான்னு போட்டுகீது?"

"விடுதலைன்னு போட்டுகீதே."

இப்படி இருவரும் ஆளுக்கொரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் ஞானகுமாரி உள்ளே வந்தாள். பத்தொன்பது வயது. அவள் வேலை செய்கிற இன்ஸ்டிடியூட்டில் துபாய், ஷார்ஜா போகிறவர்களுடைய விண்ணப்பங்கள் தினம் பத்துக்குக் குறையாமல் டைப் அடிப்பாள். தந்தியை ஒரே மூச்சில் படித்தாள். படித்ததும் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் சிரித்தது அப்போதுதான்.

"நைனா, அண்ணனுக்கு நல்ல காலம் வந்துருச்சு. ஒரிஜினலை எடுங்க சீக்கிரம்."

"எந்த ஒரிஜினல்?" என்றார்கள் இருவரும் ஒரே சமயத்தில்.

"ஐ.டி.ஐ. சர்டிபிகேட்தான். உக்காருங்க, சொல்றேன். அங்க நம்ம இஷ்டத்துக்கு ஒருத்தர்கிட்ட வேலைக்குச் சேர முடியாது. ஒரு முதலாளி நமக்குப் பொறுப்பு ஏத்துக்கணும். அவருதான் ஸ்பான்சர். அவரு பேர்லதான் விசா. அவரை விட்டு வேற ஆள்கிட்ட போகணும்னா, 'இவன் போறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல'ன்னு பழைய முதலாளி எழுதித் தரணும். அந்த லெட்டருக்குப் பேருதான் ரிலீஸ். பழைய கம்பெனி ரிலீஸ் குடுத்துட்டாங்க. புது ஸ்பான்சர் தயாரா இருக்காரு. லேபரா இல்ல, வெல்டரா எடுத்துக்கறாரு. அதுக்குத்தான் சர்டிபிகேட் கேக்கறாரு. இல்லைன்னா இதை எதுக்குக் கேக்கப் போறாங்க?"

கிறிஸ்துதாஸ் மெதுவாகத் தலையை ஆட்டினார். அவரும் வெல்டர்தான், இருபத்தாறு வருஷமாக. பிள்ளை அங்கே போய் இரண்டு வருஷமாகக் கம்பி தூக்குகிறான், சிமெண்டு மூட்டை இறக்குகிறான் என்பது அவருக்கு ஆறாத புண். "விசாவுலயே வெல்டர்னு போடுவாங்களா?" என்று கேட்டார்.

"போடுவாங்க நைனா."

"கையில வெல்டிங் ஹோல்டரைக் குடுத்துடுவாங்க."

"குடுப்பாங்க."

சாராள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கேள்வியை இன்னும் யாரும் கேட்கவில்லை. "அப்ப எப்ப வர்றான்?" என்றாள்.

ஞானகுமாரியின் சிரிப்பு போய்விட்டது. "இப்ப வரமாட்டான்மா. புது விசான்னா புது காண்ட்ராக்ட். இன்னும் ரெண்டு வருசம்."

"ரிலீஸ்னு போட்டுகீதே. உள்ளேர்ந்து வெளிய விடறதுன்னு வசந்தகுமாரி சொன்னாளே."

"அது இந்த ரிலீஸ் இல்லம்மா."

சாராள் வாசலைப் பார்த்தாள். கொடியில் தலையணை உறை காய்ந்துகொண்டிருந்தது. சபையில் எழுந்து நின்று நன்றி சொன்னாளே, எதற்குச் சொன்னாள்? பிள்ளை இன்னும் இரண்டு வருஷம் வரமாட்டான் என்பதற்கா? அவளுக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"சாரா, எடு. மணி மூணே முக்கா. தசரதன் அஞ்சரைக்கு டாக்சி சொல்லிகீறாரு. சென்ட்ரல்ல பாம்பே ரயிலு, அங்கேர்ந்து பிளேனு. அவரு போயிட்டா வேற ஆளு இல்ல" என்று கிறிஸ்துதாஸ் முகம் கழுவப் போனார்.

அவள் உள்ளறைக்குப் போனாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் இருந்த மஞ்சள் பையை எடுத்தாள். ஞானஸ்நான சர்டிபிகேட், பள்ளிக்கூட மார்க்கு புக், அதற்குக் கீழே ஐ.டி.ஐ. சர்டிபிகேட். கெட்டிக் காகிதம், மூலையில் ஒட்டிய போட்டோவில் மீசை முளைக்காத ஜேசு. அதோடு சேர்த்து அதன் ஜெராக்ஸ் ஒன்று. ஜெராக்ஸின் கீழே பச்சை மையில் யாரோ ஆபீசர் கையெழுத்து.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவள் தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. பழுப்புக் கவரில் ஜெராக்ஸைப் போட்டாள். பசை தடவி ஒட்டினாள். ஒரிஜினலை ஜேசுவின் கட்டிலில் விரித்திருந்த பாய்க்கு அடியில் வைத்தாள். இது போகாவிட்டால் அவன் வந்துவிடுவான், அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது. வேலை இல்லை என்றால் அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் வீட்டுக்கு வருவான்.

கிறிஸ்துதாஸ் கவரை வாங்கிச் சட்டைக்குள் பனியனோடு சேர்த்துச் செருகிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

அவர் போன பிறகு ஞானகுமாரிக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள் சாராள். பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "ஒருவேள அந்த ஒரிஜினல் போய்ச் சேரலைன்னா இன்னா ஆவும்? ஊட்டுக்கு அனுப்பிச்சிடுவாங்க இல்ல?"

"யாரு அனுப்புவாங்க?"

"கம்பெனிக்காரன்."

"எந்தக் கம்பெனிக்காரன்மா? பழைய ஆளு ரிலீஸ் குடுத்துட்டான். இனிமே அவனுக்கும் அண்ணனுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. டிக்கெட்டும் எடுத்துத் தரமாட்டான். புது ஆளு சர்டிபிகேட் பார்க்காம விசா போடமாட்டான். நடுவுல இருக்கற ஆளுக்கு யாரு பொறுப்பு? ரிலீஸ் லெட்டருக்குக் கொஞ்ச நாள்தான் உசுரு. அதுக்கப்புறம் விசா இல்லாத ஆளு. ஒளிஞ்சு மறைஞ்சு வேலை செய்வாங்க, மாட்டினா உள்ள வச்சிடுவாங்க. எங்க இன்ஸ்டிடியூட்ல இதுக்கு மனு டைப் அடிக்க அழுதுகினு வராங்கம்மா, வாரத்துக்கு ஒருத்தர்."

"உள்ளயா?"

"ஆமா. அப்பத்தான் வசந்தகுமாரி அக்கா சொன்ன ரிலீஸ் வேணும்."

சாராளின் கையிலிருந்த டம்ளர் மேசைமேல் சாய்ந்தது. காப்பி ஓடித் தந்தியை நனைத்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. உள்ளறைக்கு ஓடி, பாயைப் புரட்டி, சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஞானகுமாரி அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். நல்ல பெண். தன் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, சர்டிபிகேட்டை அதில் நுழைத்துக் கொடுத்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. நனைய விடாதே. நாலு இருவதுக்கு ஒரு லோக்கல் இருக்கு, ஓடும்மா. நான் வரட்டுமா?"

"வேணாம். நான்தான் போவணும்."

ஆவடி ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தாளா என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை. பட்டாபிராமில் இறங்கி நெமிலிச்சேரி ரோட்டைப் பிடித்தபோது மணி நாலே முக்காலைத் தாண்டியிருந்தது. முந்தின நாள் பெய்த மழையில் ரோடு முழுக்கச் சேறு. செருப்பு ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டது, அதை விட்டுவிட்டே நடந்தாள். இன்னொரு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், ஏன் எடுத்துக்கொண்டோம் என்று தெரியாமலே. கிறிஸ்துதாஸ் இந்நேரம் கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பார். வழியில் எதிரே வருவார். அவரிடம் என்ன சொல்வது? தசரதனிடம் என்ன சொல்வது? ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவர் எதிரே வரவேயில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம், மதகுக் கட்டைமேல், சைக்கிளை நிறுத்திவிட்டுக் கிறிஸ்துதாஸ் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பழுப்புக் கவர்.

சாராள் மூச்சு வாங்க அவர்முன் போய் நின்றாள். அவர் அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார், கையில் இருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், இன்னொரு கையில் இருந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தார்.

"இன்னும் குடுக்கலையா?"

"இல்ல."

"இன்னாங்க, அந்தக் கவர்ல கீறது..."

"தெரியும்."

"எப்டித் தெரியும்?"

"இருபத்தாறு வருசமா தகட்டைத் தொட்டுப் பாத்துக் கனம் சொல்றவன் நான். ஒரிஜினல் கெட்டிக் காயிதம். இது மெல்லிசு. பட்டாபிராம் தாண்டறதுக்குள்ள தெரிஞ்சிபோச்சி."

சாராள் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். "அப்ப திரும்பி வந்து கேக்கறதுதானே. இங்க குந்திகினு கீறீங்க."

கேட்டுக்கு அப்பால் ஒரு கூட்ஸ் வண்டி நகர ஆரம்பித்தது. அது முழுக்கப் போகட்டும் என்று காத்திருப்பதுபோல் இருந்தார்.

"கேட்டா குடுத்திருப்பே. நான் கேட்டுட்டேன்னு குடுத்திருப்பே. காலத்துக்கும் என்னைத்தான் சொல்வே, நீங்கதான் அனுப்பிச்சீங்கன்னு. மொத தபா அப்டித்தானே சொன்னே. அதுவும் இல்ல சாரா..." மடியிலிருந்த கவரைத் திருப்பினார். "எனக்கும் அவன் வந்துட்டா தேவலைன்னு இருந்திச்சி. வெல்டர் விசா வரணும்னும் இருந்திச்சி, ஆளு ஊட்டுக்கு வரணும்னும் இருந்திச்சி. இன்னா பண்றதுன்னு தெரியல. குந்திட்டேன்."

இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷர் தெரியவில்லை என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவர்மேல் அவளுக்கு அப்போது பொங்கிக்கொண்டு வந்த பாசத்தை எப்படிக் காட்டுவது? சேற்றுக் காலோடு ரோட்டில் நின்றுகொண்டு என்ன செய்ய முடியும்?

"எழுந்திருங்க" என்றாள். "அது போய்ச் சேரலைன்னா அவன் வரமாட்டான். நடுவுல மாட்டிக்குவான். ஞானம் சொன்னா."

கேட் திறந்தது.

தசரதன் வீட்டு வாசலில் டாக்சி நின்றுகொண்டிருந்தது. டிக்கியில் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தசரதன் புது சட்டை போட்டு, நெற்றியில் விபூதியோடு, வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் நாலு எட்டு முன்னால் வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, இந்நேரம் ஆயிடுச்சே. நான் பேஜாராயிட்டேன்."

கிறிஸ்துதாஸ் ஒதுங்கி நின்றார். சாராள்தான் உறையை நீட்டினாள். தசரதன் சர்டிபிகேட்டை வெளியே எடுத்து, சீலைப் பார்த்து, போட்டோவைப் பார்த்து, கைப்பெட்டியில் பாஸ்போர்ட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்தார். பூட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் சாராளுக்குப் பிள்ளையை இரண்டாம் தரம் விமானம் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது.

"ரிலீஸ்னு வந்திச்சா, வர்றான்னு நெனச்சிட்டேன் தம்பி" என்றாள். அழுகை வந்துவிட்டது.

தசரதன் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார்.

"நான் லீவுல கெளம்பறப்பவே குடுத்தான் அக்கா. ஒரு மாசமா என்கிட்டதான் கீது. 'ஒரிஜினல் கேட்டுத் தந்தி வந்தாலும் வரும். எங்கம்மா அத்த தன் கையால கொண்டாந்து குடுத்தா, இத்தக் குடு. நைனா மட்டும் வந்தா குடுக்காத. யாரும் வரலைன்னா அப்டியே திருப்பிக் கொண்டாந்துடு'ன்னான். இன்னா ஏதுன்னு நான் கேக்கல. மன்னிச்சிக்கோ."

டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். தசரதன் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டார். வண்டி சேற்றைத் தெளித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது.

சாராள் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒட்டிய தாளில் ஜேசுவின் கையெழுத்து. 'அம்மாவுக்கு.' அம்மா தர மாட்டாள் என்று ஒரு மாதம் முன்னாலேயே நினைத்திருக்கிறான். தந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்றும் நினைத்திருக்கிறான். அப்படி அவளுக்கு மட்டும் சொல்ல என்ன இருக்கிறது?

"வசந்தகுமாரி ஊட்ல டேப் ரிக்கார்டர் கீது" என்றார் கிறிஸ்துதாஸ். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. "வா, போயி ரெண்டு பேரும் அவன் குரலைக் கேப்போம். குடு, நான் பையில வச்சிக்கறேன்."

சாராள் நீட்டினாள். நீட்டும்போது கேசட் கையில் புரண்டது. பின்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை அவள் பார்த்து, கட்டைவிரலால் மறைப்பதற்குள் அவர் படித்து முடித்திருந்தார்.

'இந்தப் பக்கம் நைனா கேக்க வேணாம்.'

கிறிஸ்துதாஸ் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, சீட்டில் விழுந்திருந்த தூறலைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"பின்னாடி குந்து சாரா. இருட்டிகினு வருது" என்றார்.

அவள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் இருந்த கேசட்டை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.